பழசு மாதிரியே ஒரு ரிசீவர்

நெட்டாங்குளம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். போய் வந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், அங்கேயே இருப்பவர்களுக்கு வழி தெரியாது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சொன்ன சொல்லைத் தட்டாத ஊர் அது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்று சாலையில் ஒரு போர்டு பார்த்தால் போதும், அடுத்த போர்டு வரும்வரை மெதுவாகத்தான் போவார்கள். அடுத்த போர்டு மதுரையில் இருந்தால் மதுரை வரைக்கும் மெதுவாகத்தான்.

அந்த ஊர் மனமகிழ் மன்றத்து மொட்டை மாடியில், ஆள் படுத்து உருளுகிற அளவுக்கு ஒரு டிஷ் ஆன்டெனா உண்டு. ஊரில் அதைக் குடை என்பார்கள். வளைகுடாவிலிருந்து வந்த ஒரு புண்ணியவான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடையையும் ரிசீவர் பெட்டியையும் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வளைகுடாவுக்கே போய்விட்டார். அதில் நாற்பத்தாறு சேனல் வரும். அத்தனையும் வெளிநாட்டுச் சேனல். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. அதுதான் நல்லது என்பது ஊரின் கட்சி. புரிகிற சேனலில் என்றால் பொய் சொல்லி ஏமாற்றிவிடுவான், புரியாத சேனலில் அவன் எப்படி ஏமாற்ற முடியும் என்று கேட்பார்கள்.

ஒரு புதன்கிழமை காலை, அரபிக்காரர் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ரிசீவர் ‘சடக்’ என்றது. ரப்பர் கருகிய வாடை வந்தது. அரபிக்காரரைக் காணோம். அவர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று ஒரு மணி நேரம் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகுதான் பெட்டி செத்துப்போனது தெரிந்தது.

ஊருக்கே வருத்தம்தான். ஆனால் வெயிலுமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாழை இலை வியாபாரி. ஒரே மகள் முத்துப்பேச்சி. அம்மா இல்லாத பிள்ளையை அவரே வளர்த்து, அவரே தலை பின்னிவிட்டு, அவரே தேங்காய்ப் பால் ஊற்றிச் சொதிக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்து, மலேசியா மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். போய் நாலு வருஷம். முகத்தைப் பார்க்கவே இல்லை. போன வாரம் அவள் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டு, “அப்பா, ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் நேரம் நாலு மணிக்கு மலேசியா டிவியில சமையல் போட்டி. நான் சொதி வைக்கேன். மறக்காமப் பாருங்க” என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை.

இப்போது பெட்டி செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

வெயிலுமுத்து பூத்துக்கு ஓடிப்போய் டிஷ் மெக்கானிக் ஜெபராஜைப் பிடித்தார். ஜெபராஜ் நாகர்கோவிலில் யார் வீட்டு மாடியிலோ ஒரு குடைக்குள் உட்கார்ந்துகொண்டு செல்போனில் பேசினார்.

“அண்ணாச்சி, ஒரு வாரத்துக்கு என்னால வர முடியாது. நல்லாக் கேட்டுக்கிடுங்க. டவுன்ல காஜா பாய் கடை இருக்கு. பழைய ரிசீவரையும் எடுத்துட்டுப் போங்க. பழசு எப்படி இருக்கோ, அதே மாதிரி வாங்குங்க. கண்ட மாடலைத் தலையில கட்டப் பாப்பாங்க, ஏமாந்துராதீங்க. பழசுக்கும் புதுசுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. அப்படி வாங்கிட்டா நான் வரவே வேண்டாம். பழசு இருந்த இடத்துல மாட்டுங்க, மீதி எல்லாம் தானா நடக்கும்.”

“மயிரிழை வித்தியாசம் கூடாது,” என்று வெயிலுமுத்து திருப்பிச் சொன்னார். பூத்திலிருந்து வீடு வரை சொல்லிக்கொண்டே போனார். வழியில் யாரோ சாப்பிட்டாச்சா என்று கேட்டதற்கும் அதையே சொன்னார்.

வியாழக்கிழமை மூன்று பேர் டவுனுக்குக் கிளம்பினார்கள். வெயிலுமுத்து ஒருவர். மன்றத் தலைவர் உக்கிரபாண்டி ஒருவர். மூன்றாவது ஆள் தவசிலிங்கம், ஒரு தடவை தூத்துக்குடி வரை போய் வழி தவறாமல் திரும்பி வந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு அறிவாளி என்று பெயர். பெட்டியைத் தூக்குகிற பொறுப்பு அவருடையது.

பஸ்ஸில் ஏறும்போது பெட்டியின் மூலை படிக்கம்பியில் இடித்து ஒரு நெளிசல் விழுந்துவிட்டது. மூன்று பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். கண்டக்டர் உள்ளே வரச் சொல்லிக் கத்தினார்.

“இப்போ புதுசுக்கும் இந்த நெளிசல் வேணுமா, வேண்டாமா?” என்றார் தலைவர்.

“வேண்டாம் தலைவரே. இது பஸ்காரன் போட்ட நெளிசல். பெட்டி போட்டது இல்லை,” என்றார் தவசிலிங்கம்.

வெயிலுமுத்து தலையை ஆட்டினார். “யாரு போட்டா என்னவே? உம்ம கையில இருக்கது பழசுதானே? அதுல நெளிசல் இருக்குல்லா? புதுசுல இல்லைன்னா அது வித்தியாசம்தானே? எனக்கு எம்பிள்ளையைப் பாக்கணும். நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

பெற்ற மனசு பேசும்போது யார் என்ன சொல்ல முடியும்? நெளிசல் வேண்டும் என்று முடிவாயிற்று. இனி ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று மீதிப் பயணம் முழுக்கத் தவசிலிங்கம் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காஜா பாய் தங்கமான மனுஷன். பெட்டியைப் பார்த்ததுமே சிரித்தார்.

“இது ரொம்பப் பழைய மாடல்லா! இப்போ புதுசு ஒண்ணு வந்திருக்கு அண்ணாச்சி. ஆயிரம் சேனல் வரும். படம் பளிச்சுன்னு இருக்கும்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபராஜ் சொன்ன ஆள் இவர்தான், தலையில் கட்டத் தொடங்கிவிட்டார்.

“எங்களுக்கு நாப்பத்தாறு போதும்,” என்றார் தலைவர் கறாராக.

“ஆயிரத்துல நாப்பத்தாறை மட்டும் பாருங்களேன்.”

“அப்போ மீதி தொள்ளாயிரத்து அம்பத்து நாலும் சும்மா கெடந்து கெட்டுப்போகாதா? எங்களுக்கு இதே மாதிரிதான் வேணும் பாய்.”

காஜா பாய் வாதாடவில்லை. பரணில் ஏறித் தூசி தட்டி, அதே கம்பெனி, அதே மாடல், பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். கடையில் அது ஒன்றுதான் மிச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேறு ஊர்க்காரர்கள் என்றால் அந்த நிமிஷமே கதை முடிந்திருக்கும்.

“இதுல கிளி இல்லையே,” என்றார் வெயிலுமுத்து.

பழைய பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சைக்கிளி ஸ்டிக்கர் இருந்தது. காஜா பாய் எதிர்த்த ஃபேன்சி கடையில் ஒரு கிளி வாங்கி ஒட்டினார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இல்லை என்றார் தலைவர். பக்கத்துப் பூக்கடையிலிருந்து அதுவும் வந்தது. பழைய ரிமோட்டில் பேட்டரிக்கு மூடி இல்லை, ரப்பர் பேண்டுதான், இதில் மூடி இருக்கிறதே என்றார் தவசிலிங்கம். புது ரிமோட்டின் மூடியைக் கழற்றிக் காஜா பாயிடமே கொடுத்துவிட்டு ஒரு ரப்பர் பேண்டு கேட்டு வாங்கிச் சுற்றினார்கள். நெளிசல் விஷயத்தில்தான் காஜா பாய் கொஞ்சம் தயங்கினார். புதுப் பொருளை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. வெயிலுமுத்துவே பக்கத்துக் கடைத் தராசுப் படிக்கல்லை எடுத்து, அளந்து பார்த்து, அதே மூலையில் ஒரே போடாகப் போட்டார். அச்சு அசல் அதே நெளிசல்.

அடுத்து, பழைய பெட்டியின் பின்பக்கச் சந்து வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு பல்லி முட்டை. ஒன்று பொரிந்தது, ஒன்று பொரியாதது.

“பாய், பல்லி முட்டை இருக்கா?”

“அது நம்ம கடையில வைக்கிறது இல்லையே அண்ணாச்சி,” என்றார் காஜா பாய். இருபத்தைந்து வருஷ வியாபாரத்தில் அவர் இந்தப் பதிலை முதல் தடவையாகச் சொன்னார்.

மூவரும் கடைக்குப் பின்னால் போய், சுவரிடுக்கில் கைவிட்டு அரை மணி நேரம் தேடி, ஒன்று பொரிந்ததும் ஒன்று பொரியாததுமாகக் கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். வெயிலுமுத்து கண்ணை ஒட்டவைத்து முன்னும் பின்னும் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

“இனி மாட்டிப் பாத்துருவோம்,” என்று காஜா பாய் புதுப் பெட்டியைக் கடை டிவியில் இணைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் மலேசியாச் சேனல் வந்தது. நீலச் சுவர், அடுப்பு, வாணலி. முக்காடு போட்ட ஒரு பெண் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

“இதேதான்! எம்பிள்ளை இங்கதான் நிக்கப் போறா!” வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. டிவி கண்ணாடியில் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இந்த இடத்தில், இந்த இடத்தில் என்று காட்டினார்.

அப்போதுதான் தவசிலிங்கம் தொண்டையைக் கனைத்தார். அறிவாளிகள் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் கனைப்பார்கள்.

“எல்லாம் சரிதான். பழசுல இது வராதே?”

பழைய பெட்டியை மாட்டினார்கள். விளக்கும் இல்லை, படமும் இல்லை. மறுபடி புதுசை மாட்டினார்கள். விளக்கு எரிந்தது, படம் வந்தது.

“மயிரிழையா இது? கயிறு மாதிரில்லா இருக்கு வித்தியாசம்!” என்று தலைவர் நெற்றியில் கை வைத்தார்.

“அண்ணாச்சி,” என்று காஜா பாய் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார், “பழசு ரிப்பேரு. புதுசு வேலை செய்யுது. அதுக்குத்தானே வாங்க வந்திருக்கீங்க?”

“பாய், நாங்க வெவரம் தெரியாத ஆளுக இல்லை,” என்றார் வெயிலுமுத்து. “இந்தப் படத்தைப் பாத்தா எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா ஜெபராஜ் சொன்னதை இந்தக் காதாலதானே கேட்டேன். மயிரிழை வித்தியாசம் இல்லாம இருந்தா மீதி தானா நடக்கும்னு சொன்னாரு. அவரு படிச்சவரு. பழைய பெட்டி பதினோரு வருஷம் படம் காட்டிச்சு. அப்போ அதே மாதிரி இருக்கிற பெட்டியும் பதினோரு வருஷம் காட்டணும்லா? வித்தியாசமான பெட்டியை வாங்கிட்டுப் போயி, ஞாயித்துக்கிழமை எம்பிள்ளை தெரியாமப் போனா நான் யாரைப் போயிக் கேக்கது?”

“அப்போ வேலை செய்யாத ரிசீவரா வேணும்?”

“வேலை செய்யணும் பாய். ஆனா பழசு மாதிரி.”

காஜா பாய் மின்விசிறியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடையின் பின்னறையைத் திறந்துவிட்டார். அங்கே ஊரெல்லாம் செத்த ரிசீவர்கள் மலையாகக் கிடந்தன, பழைய இரும்புக்குப் போட வைத்திருந்தார். “எடுத்துக்கிடுங்க,” என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து மூவரும் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் விளக்கு மினுங்கியது.

“இதுல இன்னும் உசுரு இருக்கு, வேண்டாம்,” என்று தலைவர் தள்ளிவைத்தார்.

கடைசியில் அடியிலிருந்து அதே மாடல் ஒன்று கிடைத்தது. விளக்கு எரியவில்லை. மூலையில் நெளிசல், யாரோ எந்தக் காலத்திலோ போட்டது, அதே மூலையில். உள்ளே பல்லி முட்டைகூட முதலிலேயே இருந்தது. கிளியையும் குங்குமத்தையும் மட்டும்தான் போட வேண்டியிருந்தது. வெயிலுமுத்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் அவர் சும்மா எடுத்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. “பாய், இதுக்கு கேரண்டி வேணும்,” என்றார்.

“செத்த பெட்டிக்கு என்ன கேரண்டி அண்ணாச்சி?”

“ஒரு வருஷத்துக்குள்ள இது வேலை செய்ய ஆரம்பிச்சா, நீங்க திருப்பி எடுத்துக்கிட்டு வேற கொடுக்கணும்.”

காஜா பாய் அப்படியே எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரிடம் கடையையே எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

அன்று சாயங்காலமே மன்றத்தில் பழசு இருந்த இடத்தில் அதை மாட்டினார்கள். விளக்கு எரியவில்லை. படம் வரவில்லை. ஊரே கைதட்டியது. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்கள் வந்து வந்து பார்த்து, அச்சு அசல் பழசேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே மன்றம் நிரம்பிவிட்டது. வெயிலுமுத்து கஞ்சி போட்ட வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு மணி ஆயிற்று. திரை இருட்டாக இருந்தது. நாலு ஐந்து. மீதி தானாக நடக்கும் என்று ஜெபராஜ் சொல்லியிருந்ததால் யாரும் எதையும் தொடவில்லை. வெயிலுமுத்து மட்டும் வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

நாலு பத்துக்குப் பெட்டிக்குள் ஏதோ ‘கிளிக்’ என்றது. உள்ளே எது எதோடு போய் ஒட்டியதோ, பச்சை விளக்கு எரிந்தது. நீலச் சுவர் தெரிந்தது. அடுப்புக்கு முன்னால், தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டு, முத்துப்பேச்சி!

“ஏ, பேச்சிடே! நம்ம பேச்சி!” மன்றம் கூரை பறக்கக் கத்தியது. வெயிலுமுத்து எழுந்து நின்றுவிட்டார். இளைத்திருந்தாள். ஆனால் அதே சிரிப்பு. கொதிக்கிற சொதியில் முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்றினாள், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

“வெயிலுமுத்து,” என்று தலைவர் காதருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார், “படம் வந்துட்டுதுவே.”

“ஆமா தலைவரே, வந்துட்டு!”

“பழசுல வருமா?”

வெயிலுமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. அவரே போய் ஒயரைக் கழற்றினார். பழைய பெட்டியை மாட்டினார். திரை இருண்டது. மறுபடி புதுசை மாட்டினார். மகள் சொதிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். சந்தேகமே இல்லை. பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் வந்துவிட்டது.

“மோசம் போயிட்டோமே! காஜா பாய் நல்லவருன்னுல்லா நம்புனேன்!”

“இதுலயே பாத்துட்டா என்னவே? பிள்ளை தெரியுதுல்லா?” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“வித்தியாசமான பெட்டியில தெரியிறது எம்பிள்ளைதான்னு என்னவே நிச்சயம்?” என்று வெயிலுமுத்து சீறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகள் கரண்டியோடு நிற்கும்போதே ஒயரைப் பிடுங்கி, பெட்டியையும் கேரண்டிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, தலைவரும் தவசிலிங்கமும் பின்னால் ஓடிவர, நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தார்.

கடைக்குப் போகும்போது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. காஜா பாய் கடை டிவியில் அதே போட்டி ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க அண்ணாச்சி! நல்ல நேரத்துல வந்தீங்க, உங்க மகதானே அது? பாருங்க, பாருங்க!” என்று காஜா பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நடுவர் சொதியை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். காகித மழை பொழிந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இங்கே வெயிலுமுத்துவும் அழுதார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். காஜா பாய்க்கும் கண் பனித்துவிட்டது.

“இது அரையிறுதிதான் அண்ணாச்சி. கீழே ஓடுற எழுத்துல போடுறான் பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனல், அதுல உங்க மக வாரா,” என்றார். பிறகு அவரே சொன்னார், “நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அன்னைக்கு நீங்க நெளிச்சு வச்சுட்டுப் போன பெட்டிதான் இது, இப்போ உங்க மகளைக் காட்டுதே, இதையே எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

வெயிலுமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பெருமூச்சு விட்டார். கேரண்டிச் சீட்டை எடுத்து மேஜையில் விரித்து, கொண்டுவந்த பெட்டியை அதன்மேல் வைத்தார்.

“உங்க நல்ல மனசுக்கு ரொம்ப சந்தோஷம் பாய். ஆனா அதெல்லாம் வேண்டாம். பின்னறையைத் திறங்க, நல்லாச் செத்ததாப் பாத்து ஒண்ணு எடுத்துக் கொடுங்க. அடுத்த வாரம் ஃபைனலுல்லா? இன்னைக்கு மாதிரி நடுவுல படம் கிடம் வந்து, காரியத்தைக் கெடுத்துரக் கூடாது.”